படகோட்டியின் முறை

பல்செட் செய்பவளின் சாப்பாட்டு மேசையில் படகோட்டி வந்து உட்கார்ந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தான். அதன் பிறகு ஏழு வருடம் அவன் காயவே இல்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கதவு உள்ளே தாழிட்டபடிதான் இருந்தது. அவள் சமையலறையிலிருந்து தேநீரோடு வந்து பார்த்தால் சுவரோர நாற்காலியில் அவன், கையில் துடுப்பு, காலடியில் குளமாகத் தண்ணீர். அவள் கத்தவில்லை, அக்கம்பக்கத்தைக் கூப்பிடவில்லை. சட்டையின் இடது கையில் இருந்த கிழிசலைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அந்தக் கிழிசலுக்குக் காரணமே அவள்தான். ஆட்டத்தில் ஒரு நாயை ஏவி அவனைக் கடிக்க விட்டு வருடக்கணக்காகியிருந்தது. எரிச்சல் வந்தது தரையை நினைத்துத்தான். முந்தைய நாள்தான் துடைத்திருந்தாள்.

இதைச் சொல்ல வேண்டுமானால் ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார், அவருக்குக் கதைசொல்லி என்று பெயர்: இதோ காடு, இதோ ஒரு பூட்டிய கதவு, என்ன செய்கிறாய்? மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் கதவை உதைக்கிறேன், நான் ஓடிப்போகிறேன் என்பார்கள். உதைத்தால் கதவு உடையுமா கால் உடையுமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். சுற்றி உட்கார நாலு பேர் கிடைக்காதவர்கள் இதையே இணையத்தில் ஒரு களத்தில் எழுதி ஆடுவார்கள். ஒருவர் இன்று ஒரு பத்தி எழுதினால் இன்னொருவர் நாளை மறுநாள் எழுதுவார். பகடையைக் களமே உருட்டி, விழுந்த எண்ணைப் பதிவின் அடியில் ஒரு சின்னக் கட்டத்தில் காட்டும். அவசரம் என்ற பேச்சே கிடையாது. பல்செட் செய்பவள் கதைசொல்லியாக இருந்து நடத்திய ஆட்டம் பதினோரு வருடம் ஓடியது. அதற்குள் கதையில் நாலே நாள்தான் கழிந்திருந்தது. வெளியே ஆட்சிகள் மாறின, தெருவில் இருந்த துணிக்கடை மருந்துக்கடை ஆயிற்று, ஆடியவர்களுக்கு நரை விழுந்தது. கதைக்குள் மட்டும் முதல் நாள் வாங்கிய ரொட்டி இன்னும் கெட்டுப்போகவில்லை.

பகலில் அவள் பல்செட் தயாரிக்கும் லேபில் வேலை பார்த்தாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, மயிரிழை பிசகாமல் மேலும் கீழும் பொருத்துவது அவள் வேலை. அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அச்சைக் கையில் எடுத்தால் போதும், இந்த மனிதர் இடது பக்கமாகவே மெல்லுகிறார், இந்தம்மா தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்று சொல்லிவிடுவாள். களத்திலும் அவளுக்கு அதே கதைதான். முகம் தெரியாத மூன்று பேர் அவளோடு ஆடினார்கள். திருடனை எழுதியது ஒரு கணக்கு டீச்சர். மருத்துவச்சியை எழுதியது ஒரு லிஃப்ட் மெக்கானிக். படகோட்டியை எழுதியவர் தன்னைப் பற்றி வாயே திறந்ததில்லை; களத்தில் அவருக்கு உப்பு என்று பெயர், அவ்வளவுதான். இருந்தாலும் அவர் வாக்கியங்களை வைத்தே, இவர் தனியாக இருக்கிறவர், மெதுவாகச் சாப்பிடுகிறவர், யாரையும் காக்க வைக்க மனம் வராதவர் என்று அவள் கண்டுகொண்டிருந்தாள். அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு யாரையும் அவ்வளவு பிடித்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

ஆட்டத்தில் அவள் போட்டிருந்த சட்டங்கள் இரண்டு. ஒருவருடைய பாத்திரத்தின் வாயில் இன்னொருவர் வார்த்தையை வைக்கக் கூடாது. யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. மற்ற ஆட்டங்களில் ஒருவர் இரண்டு வாரம் எழுதாமல் இருந்தால் கதைசொல்லியே அவருடைய பாத்திரத்தை எடுத்து நகர்த்திவிடலாம். அவளுடைய ஆட்டத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்தச் சட்டங்களுக்குக் காரணம் அவளுடைய முன்னாள் புருஷன். அவன் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது; குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவனே முடித்துவைப்பான், அது ஒன்றுதான். "எனக்கு இன்னிக்கு..." என்பாள். "தலைவலி, தெரியும், போய்ப் படு" என்பான். தலைவலி இருக்காது. ஒன்பது வருடக் குடித்தனத்தில் அவள் குறுக்கீடு இல்லாமல் முடித்த ஒரே வாக்கியம் "நான் போறேன்" என்பது. அதை முடித்ததும் அவன் வாயடைத்துப் போனான், அவள் இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பதினோராம் வருடம் கதையில் ஒரு நதி வந்தது. நடு நீரில் படகு மணல்திட்டில் தட்டி நின்றது. உள்ளே மருத்துவச்சி தன் கைக்கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்; திருடன் இதுதான் சமயமென்று பக்கத்தில் இருந்த பைக்குள் கைவிட்டிருந்தான். அக்கரையில் துறைக்காரி ஒருத்தி விளக்கோடு நின்றாள். அவள் கதைசொல்லியின் சொந்தப் பாத்திரம். பத்துக்கு மேல் விழுந்தால் படகு மிதக்கும், இல்லாவிட்டால் கவிழும் என்று எழுதிவிட்டு, வழக்கம்போல "படகோட்டி, என்ன செய்கிறாய்?" என்று முடித்தாள். உப்புவின் பகடை ராசி களத்துக்கே தெரிந்த சிரிப்பு. மூன்று விழும், இரண்டு விழும், ஒன்றுகூட விழும். பூட்டாத கதவைத் திறக்க முடியாமல் படகோட்டி அரை நாள் வெளியே நின்றிருக்கிறான். அன்று உப்பு எழுதிய பதிவு அவளுக்கு மின்னஞ்சலாக வந்தது: படகோட்டி முழங்கால் ஆழத்தில் இறங்கி, தோள் கொடுத்துப் படகைத் தள்ளுகிறான். பகடை உருட்டவில்லை. மறந்திருப்பார், உருட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. "கதைசொல்லி, நகர்த்துங்க" என்று டீச்சர் எழுதினார். "எவ்வளவு நாள்தான் தண்ணியில நிக்கிறது?" என்று மெக்கானிக் எழுதினார். சட்டத்தை மீறு என்கிறார்களே என்று அவளுக்குச் சுருக்கென்றது. அந்த ரோஷத்தில் பதில் எழுதாமல் இருந்துவிட்டாள். உப்புவுக்குத் தனியாக ஒரு வரி போட்டு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். அவசரப்படுத்தக் கூடாது என்ற சட்டத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம். கேட்டு, பதிலே வராமல் போய்விட்டால்? கேட்காத வரைக்கும் அவர் எங்கேயோ ஒரு வீட்டில் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அப்படி இருக்கும்போதுதான் படகோட்டி மேசைக்கு வந்து சேர்ந்தான்.

அந்த வருடக் கடைசியில் டீச்சர் களத்துக்கு வருவதை நிறுத்தினார். திருடன் வந்து செருப்பு வைக்கும் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்தான். அவன் வலது கை அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. எடுக்கச் சொல்லிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. வேறு பை வாங்கிக்கொண்டாள். அடுத்து மெக்கானிக்கும் போனார். மருத்துவச்சி சோபாவின் ஓரத்தில் அமர்ந்து, முடிவே இல்லாத ஒரு துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் அவள் போகும் திசையில் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பேச மாட்டார்கள். அவர்களுடைய வாய் அவர்களை எழுதியவர்களுடையது, எழுதியவர்கள் எங்கேயோ இருந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே வரும்போது மூன்று முகங்கள் நிமிர்ந்து பார்க்கும், ஒரு முகம்கூட "வந்துட்டியா" என்று கேட்காது. தனியாக இருந்தபோது அவளுக்கு இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. ஆட்களை வைத்துக்கொண்டு தனியாக இருப்பது வேறு மாதிரி வலித்தது. ஒரு பண்டிகை விடுமுறையில் ஊரே வெளியே போயிருக்க, தாங்க முடியாமல் கணினியைத் திறந்து "படகோட்டி சொல்கிறான்:" என்று எழுதினாள். மேசையில் அவன் உதடு துடித்தது. இன்னும் நாலு வார்த்தை எழுதினால் பேசிவிடுவான். ஆனால் பேசுவது அவளாக இருக்கும். அவள் எழுதியதை அழித்தாள். உதடு அடங்கியது.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. படகோட்டியின் காலடியில் அது கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் துடைத்தாள், பிறகு மேசையைச் சுற்றிச் செங்கல் வைத்து அணை கட்டினாள், கடைசியில் கால்சராயைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சாப்பிடப் பழகினாள். வெயில் காலத்தில் அது சௌகரியமாகவே இருந்தது. கீழ்வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று சண்டைக்கு வந்தார். குழாய் வேலைக்காரர் வந்து, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, இது குழாய்த் தண்ணீர் இல்லை, நதித் தண்ணீர், தன்னால் ஆகாது என்று கூலி வாங்காமல் போய்விட்டார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நேரில் வந்து, நதி வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை, ஆனால் பொதுச் சுவர் கெட்டால் அவள்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, ஓடிய குட்டி மீன்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மெல்ல மெல்ல எல்லாருக்கும் பழகிவிட்டது. அவளைப் பார்க்க வருகிறவர் யாரும் இல்லாததால் விளக்கம் சொல்லும் வேலையும் மிச்சம்.

ஏழாம் வருடம் அந்தத் தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி லிஃப்ட் நின்றுபோனது. கம்பெனியில் இருந்து வந்த மெக்கானிக் தளம் தளமாக ஈரத்தைப் பின்தொடர்ந்து ஏறி அவள் கதவைத் தட்டினார். நாற்பதைத் தாண்டியவர், கையில் டார்ச், தோளில் கருவிப் பை. உள்ளே வந்தவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. சோபாவைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"இவ என் மருத்துவச்சி" என்றார். "அந்தத் துணியக் கூட நான்தான் வாங்கிக் குடுத்தேன். சந்தையில, ரெண்டாம் நாள்."

"அப்ப நீங்க அந்த லிஃப்ட் மெக்கானிக்கா?"

"உடுப்பப் பாத்தா தெரியல? நீங்கதான் கதைசொல்லியா?" அவர் முகம் மாறியது. கோபம் பழையதாகிப் போயிருந்தாலும் கோபம்தான். "ஏங்க்கா, எங்கள நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டீங்களே. நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

"நானா போனேன்? உப்பு பகடை உருட்டலையே. அவருக்காகத்தானே ஏழு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

"உருட்டினாரே!"

"எப்போ?"

"அன்னிக்கேதான். உருட்ட மறந்துட்டுப் பதிவப் போட்டுட்டாரு. அப்புறம் அஞ்சு நிமிஷத்துல அதையே திருத்தி உருட்டினாரு. நானும் டீச்சரும் பாத்துட்டுக் குதிச்சோம். கதைசொல்லி இப்ப வந்து சொல்லுவாங்க, இப்ப வந்து சொல்லுவாங்கன்னு உக்காந்திருந்தோம். நீங்க வரவே இல்ல."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புதுப் பதிவு போட்டால்தான் களம் மின்னஞ்சல் அனுப்பும். போட்ட பதிவைத் திருத்தினால் அனுப்பாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். போதாததற்கு, உப்புவின் பதிவு அந்தப் பக்கத்தின் கடைசிப் பதிவு. அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதெல்லாம் அடுத்த பக்கத்தில் விழுந்தது. மின்னஞ்சலில் படித்ததையே நம்பி, ஒருமுறைகூட அவள் முந்தைய பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் எட்டிப் பார்த்த மாதிரி ஆகிவிடும் என்று கௌரவமாக இருந்துவிட்டாள். மயிரிழை பிசகாமல் பல் நிறுத்துகிறவள் செய்த காரியம் இது.

"எவ்வளவு விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"அத நீங்கதான் பாக்கணும்" என்றார் மெக்கானிக். "அது உங்க முறை. நான் சொல்லக் கூடாது."

அவள் தண்ணீரில் நடந்துபோய்க் கணினியைத் திறந்து, பக்கத்தைத் திருப்பினாள். படகோட்டி முழங்கால் ஆழத்தில் நின்று தள்ளிக்கொண்டிருந்தான். அவன் காலடியில், பதிவின் அடியில், அந்தச் சின்னக் கட்டம். உள்ளே இருபது. பதினோரு வருடத்தில் அந்த மனிதருக்கு ஒரே ஒரு தடவை இருபது விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து நின்றிருப்பார், தனியாகச் சிரித்திருப்பார், அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று திரையையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அன்று பார்த்தார், மறுநாள் பார்த்தார், அப்புறம் ஏழு வருடம். அவளுக்கு அழுகை வந்தது. மெக்கானிக் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, மருத்துவச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். இருபதுக்கு என்ன மரியாதையோ அதைச் செய்தாள். படகு மிதந்தது மட்டுமில்லை, ஒரே தள்ளில் மணலை விட்டு எழும்பி, தண்ணீரைக் கிழித்துப்போய், அக்கரைப் புல்லில் மூக்கை வைத்தது. துறைக்காரி விளக்கை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கை வலியைத் தேய்த்துக்கொண்டாள். படகோட்டி, என்ன செய்கிறாய்? எழுதிப் பதிவிட்டதும் சாப்பாட்டு மேசையில் அவன் ஒரு காலைத் தூக்கினான், பிறகு அடுத்த காலை. தரையில் தண்ணீர் இல்லை. மீன்கள் துடித்தன, மெக்கானிக் அவற்றை வாளியில் அள்ளிப்போட்டார். அப்புறம் கைபேசியை எடுத்து ஏதோ தட்டினார். சோபாவில் மருத்துவச்சி துணியை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, "அப்பாடா" என்றாள். ஏழு வருடத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு பாத்திரம் பேசிய முதல் வார்த்தை அதுதான். மெக்கானிக் அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். லிஃப்ட் குழி காய்ந்த பிறகு வேலை அறிக்கையில், காரணம் என்ற இடத்தில் நதி என்றும், தீர்வு என்ற இடத்தில் கடந்தாயிற்று என்றும் எழுதினார். கம்பெனியில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

படகோட்டி மட்டும் பேசவில்லை. அவன் கால் காய்ந்தது, கால்சட்டை காய்ந்தது, சட்டையில் உப்புப் பூத்தது. வாய் மூடியே இருந்தது. அவள் லேபுக்குப் போனாள், வந்தாள், பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை முறை நிஜமாகவே அவருடையது. ஏழு வருடம் கழித்து ஒருவர் வந்து பார்ப்பாரா, பார்க்க அவர் இருக்கிறாரா என்று ஒன்றும் தெரியவில்லை. ஈரமில்லாத வீடு முன்னைவிட வெறிச்சென்று இருந்தது. கடைசியில் ஒரு நாள், லேபில் யாருடைய கீழ்த்தாடைக்கோ பல் நிறுத்திக்கொண்டிருந்தவள், மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் கைபேசியை எடுத்து, தன் இரண்டாவது சட்டத்தைத் தானே உடைத்தாள். உப்புவுக்குத் தனியாக எழுதினாள்: "தப்பு என்னோடது. முறை என்கிட்ட இருந்தது, எனக்குத் தெரியல. இருக்கீங்களா?" அனுப்பிவிட்டு அந்தத் தாடையை முடித்தாள். முன்பற்கள் சற்றுக் கோணலாக நின்றுவிட்டன. மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்த வாரத்தில் ஒரு காலை அவள் தேநீரோடு மேசைக்கு வந்தபோது படகோட்டி தொண்டையைச் செருமினான்.

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சு" என்றான்.

இத்தனை வருடம் அவள் மனதில் கேட்டது கனத்த குரல். இது மெல்லியது, கொஞ்சம் கரகரப்பு, கடைசி எழுத்தை விழுங்கும் குரல். அவளுக்கு இதுவே பிடித்திருந்தது. கணினியைத் திறந்தாள். அதே வரி பதிவில் இருந்தது; ஆட்டத்துக்கு வெளியே பேசுகிறவர்கள் செய்வதுபோல அடியில் அடைப்புக்குறிக்குள் உப்பு எழுதியிருந்தார்: "இருக்கேன். இருபது விழுந்தத நீங்க பாக்கலையோன்னு எனக்கும் தோணுச்சு. கேட்டா அவசரப்படுத்தின மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். உங்க துறைக்காரி ஏழு வருஷமா என் சமையலறையில விளக்கோட நின்னுட்டிருந்தா. அது அணையவே இல்ல. அந்த வெளிச்சத்துலதான் சமைச்சேன், கரண்ட் பில்கூடப் பாதியாச்சு. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், உக்கார மாட்டேன்னுட்டா. கொஞ்ச நாள் முன்னாடிதான் விளக்க இறக்கி வச்சுட்டு உக்காந்தா. கை ரொம்ப வலிச்சிருக்கும்போல. அவ எப்பவாவது பேசுவாளா?"

அவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு, "நேரமாச்சு, ஏறி வா, ஏதாவது சாப்பிடு என்கிறாள் துறைக்காரி" என்று எழுதி அனுப்பினாள். எங்கேயோ ஒரு சமையலறையில் ஒரு பெண் வாய் திறந்தாள். படகோட்டியின் கழுத்து, யாரோ கூப்பிட்டதுபோல, லேசாகத் திரும்பியது.

அதன் பிறகு ஆட்டம் பழைய வேகத்திலேயே நடந்துவருகிறது. வாரத்துக்கு ஒரு வரி, நல்ல வாரமென்றால் இரண்டு. அவர்கள் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருமுறை லிஃப்டைச் சோதிக்க வந்த மெக்கானிக், "ஏங்க்கா, ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாம்ல?" என்று கேட்டதற்கு, "கதையில இன்னும் அஞ்சாம் நாளே விடியலையேப்பா" என்று சொல்லிவிட்டாள். கணக்கு டீச்சரைப் பற்றித் தகவல் இல்லை. திருடன் செருப்பு அலமாரி மேல் பழைய பைக்குள் கைவிட்டபடியே இருக்கிறான், அவள் போகும்போதும் வரும்போதும் அவனிடம் சொல்லிக்கொள்கிறாள். துடுப்பு பால்கனியில் காய்கிறது. இப்போதெல்லாம் அவள் தட்டை எடுத்து வைத்தால் படகோட்டி எதிரே தன் தட்டை இழுத்துக்கொள்கிறான். அவள் நினைத்தது சரிதான், அவன் மெதுவாகத்தான் சாப்பிடுகிறான்.